ஒரே நிறச் சட்டைக்குள் வேறு வேறு பிள்ளைகள்

பள்ளி திறக்கும் வாரம் வந்துவிட்டால் கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று எந்தப் பட்டணத்தின் கடைத்தெருவுக்குப் போனாலும் ஒரே காட்சிதான். துணிக்கடை வாசலில் வெள்ளைச் சட்டைகள் வரிசையாகத் தொங்கும். பக்கத்திலேயே கருநீலச் சிலுவார், பச்சைச் சிலுவார், பெண் பிள்ளைகளுக்கான பினாஃபோர், பாஜு கூரோங். கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்பார்: "ஆரம்பப்பள்ளியா, இடைநிலைப்பள்ளியா? இடுப்பு எத்தனை?" பிள்ளைக்கு எந்த நிறம் பிடிக்கும் என்ற கேள்விக்கு அங்கே வேலையே இல்லை.

பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில், காலை 7 மணிக்கெல்லாம் ஏதாவதோர் இடைநிலைப்பள்ளி வாசலில் போய் நின்று பாருங்கள். தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் வரும் பேருந்துகளும் வேன்களும் பிள்ளைகளை இறக்கிவிடும். தூரத்தில் எல்லாரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். கிட்டத்தில் வந்தால் வேறு கதை. ஒருவனுடைய பச்சைச் சிலுவார் கணுக்கால் பக்கம் இறுக்கித் தைக்கப்பட்டிருக்கும். இன்னொருவன் முன்முடியை மட்டும் நீளமாக விட்டு, வாசலுக்கு வந்ததும் தண்ணீர் தொட்டுப் படிய வைப்பான். ஒரு பெண்ணின் கைக்கடிகாரப் பட்டைக்கு அடியில் கோயில் கயிறு ஒளிந்திருக்கும். மற்றொருத்தியின் பை ஜிப்பில் சின்னதாக ஒரு பொம்மை ஆடும்.

கட்டொழுங்கு ஆசிரியரின் குறிப்பேட்டில் இவை விதிமீறல்கள். எனக்கோ இவை, "நானும் இங்கே இருக்கிறேன்" என்று பிள்ளைகள் போடும் கையெழுத்தாகப் படுகின்றன. சீருடைக்குள் பிள்ளையின் தனித்தன்மைக்கு இடம் உண்டா என்பது கோலாலம்பூர்ப் பெற்றோர் மட்டும் பேச வேண்டிய விஷயம் அல்ல. வட சிலாங்கூரின் தோட்டத்துப் பிள்ளைக்கு அது, பள்ளியில் நீடிப்பதா விலகுவதா என்பதோடு ஒட்டிய கேள்வி.

நீலமும் பச்சையும் வந்த கதை

இந்த நாட்டில் சீருடை வழக்கம் ஆங்கிலேயர் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. இன்று நாம் பார்க்கும் நிறங்களும் அமைப்பும் 1970 ஜனவரி தொடங்கி நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியாக வகுக்கப்பட்டவை. ஆரம்பப்பள்ளிக்கு வெள்ளையும் கருநீலமும். இடைநிலைப்பள்ளி ஆண் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை, பச்சைச் சிலுவார். பெண் பிள்ளைகளுக்கு வெளிர் நீலப்பச்சை. 1969 மே கலவரத்தின் காயம் ஆறாத நேரம் அது. மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை என்று பாராமல் எல்லாரும் ஒரே நிறத்தில் பள்ளிக்குப் போனது அந்த நேரத்தில் சின்ன விஷயமில்லை.

தோட்டப் பள்ளிகளுக்கு அதற்கு முன்பே அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேருக்கு மேல் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வகை செய்தது. அப்படிப் பிறந்தவைதான் நம் வட்டாரத்தின் பல பள்ளிகள். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் உருவானதும் இங்கேதான், இன்றைய பெஸ்தாரி ஜெயா பக்கம் உள்ள தென்னமரம் தோட்டத்தில். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் போய்த் தாமான் வீடுகள் வந்தன. இருந்தும் பல பள்ளிகளின் பெயரில் 'லாடாங்' என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

நான் 1970களில் புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் படித்தவன். என் அம்மா பால்மரம் வெட்டினார். ரப்பர் பால் துணியில் பட்டுக் காய்ந்தால் கறுத்துப்போகும். எந்தச் சவுக்காரத்துக்கும் மசியாது. அதனால் தோட்டத்துப் பிள்ளைகளின் வீட்டுத் துணி அத்தனையிலும் கறை இருக்கும். கறை இல்லாத ஒரே துணி பள்ளிச் சட்டைதான். அதைத் தனியாக ஓர் ஆணியில் மாட்டி வைப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதைக் கழற்றுவது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு விளையாடப் போனால் அடிதான்.

கிராணி வீட்டுப் பிள்ளையும் பால்வெட்டுக்காரர் வீட்டுப் பிள்ளையும் புல்வெட்டுக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் ஒரே உடுப்பில் உட்கார்ந்தோம். பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்ற பெரியவர்களுக்குள் இருந்த மேல் கீழ், வகுப்பறைக்குள் கொஞ்சம் மங்கியது. சீருடை செய்த நல்லது இது. இதை மறந்துவிட்டு யாரும் சீருடையைப் பற்றிப் பேச முடியாது.

ஆனாலும் வெள்ளை நிறம் பொய் சொல்லாது. இரண்டு செட்டு உள்ள பிள்ளையின் வெள்ளை வேறு. ஒரே செட்டை இரவில் துவைத்து அடுப்பு மேல் காயவைத்துப் போட்டு வரும் பிள்ளையின் வெள்ளை வேறு. ஆற்றுத் தண்ணீரிலும் கிணற்றுத் தண்ணீரிலும் துவைத்துத் துவைத்துப் பழுப்பேறிய சட்டைக்கு எவ்வளவு நீலம் போட்டாலும் பட்டணத்து வெண்மை வராது. சப்பாத்துக்கு வெள்ளை பூச மாவு வாங்க முடியாத வாரத்தில் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்துக்கொண்டு போனவர்கள் இதை வாசித்துச் சிரிப்பார்கள். சீருடை வறுமையை மூடியது. முழுதாக மூடவில்லை.

உடுப்பும் தன்மானமும்

உடம்பில் என்ன இருக்க வேண்டும், எப்படி நிற்க வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்று அடுத்தவர் தீர்மானிப்பது தோட்டத்து மக்களுக்குப் பழைய அனுபவம். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் கேட்டவற்றைப் பாருங்கள். சம்பள உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி இருந்தது. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரைமார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும். காசு சம்பந்தமே இல்லாத கோரிக்கை. ஆனால் அதையும் பட்டியலில் எழுதினார்கள்.

இரண்டே வருடம் கழித்து நேர்மாறான ஒன்று நடந்தது. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. கேப்டன் லட்சுமியின் தலைமையில் அணிவகுத்தவர்களில் பலர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன இளம் பெண்கள். சேலையும் பாவாடையும் கட்டிப் பழகியவர்கள் காற்சட்டையும் தொப்பியும் போட்டார்கள். பலர் நீளக் கூந்தலை வெட்டிக்கொண்டார்கள். எல்லாருக்கும் ஒரே உடுப்பு. ஆனால் கங்காணியின் பேரேட்டில் ஓர் எண்ணாக மட்டும் இருந்த பெண்ணுக்கு அந்த உடுப்பு ஒரு முகத்தைக் கொடுத்தது.

ஆக, ஒரே மாதிரி உடுப்பு என்பதாலேயே தனித்தன்மை செத்துவிடுவதில்லை. அந்த உடுப்புக்குள் இருக்கும் ஆளை யாராவது மதிக்கிறார்களா என்பதைப் பொறுத்தே எல்லாம்.

சின்னப் பள்ளியிலிருந்து பெரிய பள்ளிக்கு

நம் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை குறைவு. குறைவு என்பதில் ஒரு வசதியும் உண்டு. தலைமையாசிரியர் முதல் சிற்றுண்டிச்சாலை அக்கா வரை எல்லாருக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் தெரியும். "இவன் இன்னாருடைய பேரன், கொஞ்சம் பிடிவாதக்காரன், பந்து நல்லா விளையாடுவான்" என்று சொல்லுவார்கள். அங்கே பிள்ளை தன்னைத் தனியாகக் காட்டிக்கொள்ள ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அவன் ஏற்கெனவே தனியாகத் தெரிகிறான்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கருநீலச் சிலுவாரைக் கழற்றிப் பச்சைச் சிலுவாரைப் போடும் அன்று இது தலைகீழாக மாறுகிறது. பள்ளி பெரியது. மொழி மாறுகிறது. மலாய்மொழியில் தேறாதவர்கள் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார வேண்டும். கூடப் படித்தவர்கள் வேறு வேறு வகுப்புக்குப் பிரிந்துபோகிறார்கள். நெஞ்சில் குத்தியிருக்கும் பெயர் அட்டையில் நம் நீளமான பெயர்கள் அடங்குவதில்லை; பாதியாகக் குறுகுகின்றன. ஆசிரியருக்கோ அந்தப் பாதியும் வாயில் நுழைவதில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் "அந்தப் பையன்" ஆகிவிடுகிறான்.

இந்த நேரத்தில்தான் முடி நீளுகிறது. சிலுவார் இறுகுகிறது. பருவ வயதின் சேட்டை என்று நாம் சொல்கிறோம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் வருடக்கணக்காகப் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்ட ஒரு பிள்ளை, திடீரென்று கூட்டத்தில் காணாமல்போனால் வேறு என்ன செய்வான்? படிப்பில் முன்னால் நிற்பவனுக்குச் சபைகூடலில் மேடை உண்டு. மாணவர் தலைவனுக்கு வேறு நிறச் சட்டை உண்டு. இரண்டும் இல்லாதவனுக்குத் தலைமுடி மட்டும்தான் கையில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன். அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை, அம்மா தொழிற்சாலையில். படிவம் 2 படித்தபோது, நெற்றியில் விழுந்த முடியைச் சபைகூடலில் எல்லார் முன்னாலும் வைத்துக் கத்தரித்துவிட்டார்கள். ஒரு பக்கம் மட்டும். மீதியை வீட்டில் போய் வெட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அவன் மறுநாள் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. அம்மா சொன்னார்: "முடி போனது கூடப் பரவாயில்லண்ணே, வளர்ந்துடும். எல்லாரும் சிரிச்சாங்களே, அதத்தான் அவனால தாங்க முடியல. பேருந்து வர்ற நேரத்துல கழிவறைக்குள்ள போய்ப் பூட்டிக்குவான்."

அவனைத் திரும்ப அழைத்து வந்தது எச்சரிக்கைக் கடிதம் அல்ல. அதே பள்ளியில் மலாய்மொழி கற்பிக்கும் ஓர் ஆசிரியை ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். முடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளிக் காற்பந்துக் குழுவுக்கு இடது காலால் உதைக்கும் ஆள் இல்லை, நீ வருவாயா என்று கேட்டார். முழுப் பெயரையும் சொல்லித்தான் கேட்டார் என்பதை அந்த அம்மா இரண்டு தடவை என்னிடம் சொன்னார். பையன் இன்று தொழிற்கல்லூரி ஒன்றில் படிக்கிறான். எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஒருவர் வீடு தேடி வருவதில்லை. போகாமலே நின்றுவிட்ட பிள்ளைகளை நம் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

டர்பனில் ஒரு மூக்குத்தி, ஒசாகாவில் ஒரு நாற்காலி

இது நம் நாட்டில் மட்டும் உள்ள இழுபறி அல்ல. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கரும்புத் தோட்ட வேலைக்கு நம் மக்கள் கப்பலேறிப் போன அதே ஊரில், தென்னிந்திய வம்சாவளி மாணவி சுனாலி பிள்ளை ஒரு சின்னத் தங்க மூக்குத்தி போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார். டர்பன் பெண்கள் உயர்நிலைப்பள்ளியின் நகை விதியில் அதற்கு இடமில்லை. கழற்றச் சொன்னார்கள். பெண் பிள்ளை பெரியவளானதும் மூக்குத்தி போடுவது எங்கள் குடும்ப வழக்கம், இது அலங்காரத்துக்காக அல்ல என்று தாயார் சொன்னார். வழக்கு நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது.

2007 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி பயஸ் லங்கா. மூக்குத்திக்கு விலக்கு தர மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று நீதிமன்றம் முடிவு செய்தது. சீருடையே கூடாது என்று அது சொல்லவில்லை. சமயம், பண்பாடு காரணமாக ஒரு பிள்ளை விலக்குக் கேட்டால் அதை எப்படிக் கேட்பது, எப்படித் தருவது என்று மாணவர், பெற்றோர், ஆசிரியர் மூவரையும் கலந்து விதியைத் திருத்துங்கள் என்றுதான் பள்ளிக்கு உத்தரவிட்டது. தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டிருந்தார். அவருக்குக் கிடைக்க வேண்டியது அவருக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

ஜப்பானில் ஒசாகா மாநிலத்து உயர்நிலைப்பள்ளி ஒன்றில், பிறவியிலேயே தன் முடி பழுப்பு நிறம் என்று சொன்ன மாணவியைக் கறுப்புச் சாயம் பூசி வரும்படி மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார்கள். அவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். 2017இல் வழக்குப் போட்டார். 2021இல் வந்த தீர்ப்பில் ஒரு நுட்பம் உண்டு. முடிக்குச் சாயம் பூசக் கூடாது என்ற பள்ளியின் விதியை நீதிமன்றம் தவறென்று சொல்லவில்லை. ஆனால் அந்த மாணவி வராத நாட்களில் வகுப்புப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்ததையும், வகுப்பறையிலிருந்து அவருடைய இருக்கையை அகற்றியதையும் தவறென்று சொல்லி, 3,30,000 யென் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

விதி இருக்கலாம். விதிக்காகப் பிள்ளையின் இடத்தை எடுத்துவிடக் கூடாது. இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இதுதான்.

சீருடை என்னும் குடை

இந்தக் கட்டுரைக்காக நான் பேசிய பிள்ளைகளில் ஒருவர்கூடச் சீருடையே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஈஜோக் பக்கத்துப் படிவம் 4 மாணவி ஒருவர் சொன்னார்: "சீருடை இல்லாட்டித் தினமும் என்ன போடறதுன்னு யோசிக்கணும் அங்கிள். எங்கிட்ட இருக்கறதே நாலு உடுப்பு. வண்ண உடை நாள் வந்தாலே வயித்தக் கலக்கும். போன வருசம் ரெண்டு பேரு வயித்துவலின்னு சொல்லி அன்னிக்கு வரவே இல்ல."

தீபாவளிக்கு எடுத்த ஓர் உடுப்பை வைத்துக்கொண்டு வருடம் முழுக்கச் சமாளிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சீருடை ஒரு குடை. மழையில் எல்லாரும் ஒதுங்கலாம். தமிழ்நாட்டில் காமராஜர் ஆட்சியில் மதிய உணவோடு பள்ளிச் சீருடையும் ஏழைப் பிள்ளைகளைத் தேடிப் போனதற்குக் காரணமும் அதுதான்.

அந்த மாணவி இன்னொன்றும் சொன்னார். பினாஃபோரும் உண்டு, பாஜு கூரோங்கும் உண்டு என்று இரண்டு வழி இருப்பது தனக்குப் பிடித்திருக்கிறதாம். "சில நாளு இது வசதி, சில நாளு அது வசதி. நானே முடிவு பண்றேன்ல." விதிக்குள்ளேயே இருக்கும் இந்தச் சின்னத் தேர்வு ஒரு பிள்ளையின் முகத்தில் எவ்வளவு நிம்மதியைக் கொண்டுவருகிறது என்பதை நேரில் பார்த்தேன்.

பிரச்சினை, குடையின் விலை ஏறுவதில்தான். இப்போது ஒரு பிள்ளைக்குச் சீருடை மட்டும் போதாது. விளையாட்டு உடை, இல்லத்தின் நிறத்தில் பனியன், சாரணர் அல்லது வேறோர் இயக்கத்தின் உடுப்பு, அதற்கேற்ற தொப்பி, பட்டை, சின்னங்கள், சில பள்ளிகளில் வகுப்புக்கென்று ஒரு பனியன். 2022ஆம் ஆண்டில், வாரத்தின் சில நாட்களில் சீருடைக்குப் பதிலாக விளையாட்டு உடையும் புறப்பாட உடையும் அணியலாம் என்று கல்வி அமைச்சு இளக்கம் காட்டியது. வெயிலுக்கு அது நல்ல முடிவு. இரண்டு செட்டு விளையாட்டு உடை உள்ள பிள்ளைக்கு நிம்மதி. ஒன்றே ஒன்று உள்ள பிள்ளையின் அம்மாவுக்கு மறுபடியும் இரவுத் துவைப்பு.

பள்ளித் தொடக்க உதவித்தொகை 2012இல் 100 வெள்ளியாக இருந்தது. 2023 முதல் வருமான வரம்பு பார்க்காமல் 150 வெள்ளி தரப்படுகிறது. நல்ல உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்த பிறகும், அந்த ஒரே சம்பளத்தில் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தோட்டக் குடும்பத்துக்குச் சீருடையோடும் சப்பாத்தோடும் அந்த 150 தீர்ந்துபோகிறது. மற்ற உடுப்புகளுக்கெல்லாம் கைக்காசுதான்.

விதியை மாற்றினால் வானம் இடிந்து விழுந்துவிடாது என்பதற்கும் நம்மிடமே சான்று இருக்கிறது. 2018இல் அப்போதைய கல்வி அமைச்சர் மஸ்லி மாலிக், வெள்ளைச் சப்பாத்துக்குப் பதிலாகக் கறுப்புச் சப்பாத்து என்று அறிவித்தபோது பலர் கேலி செய்தார்கள். நாட்டில் வேறு பிரச்சினையே இல்லையா என்றார்கள். செம்மண் பாதையில் நடந்து பேருந்து ஏறும் பிள்ளையின் அம்மாவைக் கேட்டிருந்தால் அது எவ்வளவு பெரிய பிரச்சினை என்று சொல்லியிருப்பார். வாரம் தவறாமல் தேய்த்து, வெள்ளை பூசி, மழை வந்தால் மறுபடியும் தேய்த்த அந்தக் கைகளுக்கு ஓய்வு கிடைத்தது. சப்பாத்து கறுத்ததால் எந்தப் பள்ளியிலும் கட்டொழுங்கு கெட்டுப்போகவில்லை.

நாம் செய்யக்கூடியவை

சீருடை பணத்தை மறைக்கட்டும். முகத்தை மறைக்க வேண்டாம். இந்த ஒரு வரியை அளவுகோலாக வைத்துக்கொண்டால் பல விஷயங்கள் தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, செலவு. எந்தப் புது உடுப்பையும் பள்ளி கேட்பதற்கு முன் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அதை வைத்துப் பேச வேண்டும். வகுப்புப் பனியன் இல்லாமல் ஒரு வகுப்பு நடக்காதா என்று கேட்கும் தைரியம் நமக்கு வர வேண்டும். பிள்ளைகள் வேகமாக வளர்கிறார்கள்; சாரணர் உடுப்பு அவர்களைவிட அதிக நாள் வாழ்கிறது. வளர்ந்த பிள்ளையின் நல்ல உடுப்பைத் துவைத்துத் தேய்த்துப் பள்ளிக்கே திருப்பிக் கொடுத்தால், கேட்காமலே இன்னொரு பிள்ளைக்குப் போய்ச் சேரும். யாருக்குப் போனது என்று அறிவிக்காமல் கொடுப்பது முக்கியம்.

இரண்டாவது, முடியும் நகையும் சமயச் சின்னமும். தைப்பூசத்துக்கு மொட்டை போட்ட பிள்ளை, விரதக் கயிறு கட்டிய பிள்ளை, நெற்றியில் திருநீறோடு வந்த பிள்ளை யாரும் பள்ளிக்குச் சவால் விடுவதற்காக அப்படி வருவதில்லை. பெற்றோர் முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். மீதிப் பாதிக்குப் பள்ளி மனம் இளக வேண்டும். முடியின் நீளத்துக்கு விதி வேண்டும் என்றால் இருக்கட்டும். வருடத் தொடக்கத்தில் காரணத்தோடு எழுதிக் கொடுங்கள். மாணவர்களில் நாலு பேரை உட்காரவைத்துக் கேளுங்கள். தான் பேசி ஒப்புக்கொண்ட விதியைப் பிள்ளை அவ்வளவு எளிதில் மீற மாட்டான்.

மூன்றாவது, அவமானம். கண்டிப்பு வேறு, அவமானப்படுத்துவது வேறு. தனியே கூப்பிட்டு, "நாளை வெட்டிக்கொண்டு வா" என்று சொன்னால் கண்டிப்பு. ஆயிரம் பேர் முன்னால் கத்தரியை எடுத்தால் அவமானம். முதலாவது பிள்ளையைப் பள்ளியில் வைத்திருக்கும். இரண்டாவது பள்ளியை விட்டே துரத்தும். இதைப் பெரும்பாலான ஆசிரியர்கள் அறிவார்கள். நல்ல கட்டொழுங்கு ஆசிரியர்களும் நம் வட்டாரத்தில் இருக்கிறார்கள். மேசை இழுப்பறையில் கத்தரிக்குப் பதில் சீப்பு வைத்திருக்கும் ஒருவரை நானே சந்தித்தேன்.

நான்காவது நமக்கு, பெற்றோருக்கு. பள்ளியில் பிள்ளையின் முடியைத் திட்டினால் வீட்டுக்கு வந்ததும் நாமும் சேர்ந்து திட்டுகிறோம். "ஊரு சிரிக்கிற மாதிரி நடக்காதே" என்கிறோம். அந்த முடியால் அவன் என்ன சொல்ல நினைக்கிறான் என்று கேட்பதில்லை. ஒரு பாட்டுக்காரனைப் பார்த்தா, ஒரு காற்பந்து வீரனைப் பார்த்தா, இல்லை நெற்றியில் இருக்கும் பருவை மறைக்கவா? கேட்டால் சொல்லுவான். பல வீடுகளில் பதில் மிகச் சாதாரணமாக இருக்கும். அந்தக் கேள்வியை யாரும் கேட்காததுதான் அதைப் பெரிதாக்குகிறது.

2025 ஏப்ரல் முதல் நம் பிள்ளைகளின் சட்டையில் ஜாலூர் கெமிலாங் சின்னமும் சேர்ந்திருக்கிறது. நாட்டின் கொடியைச் சுமக்கும் அதே நெஞ்சில்தான் பெயர் அட்டையும் இருக்கிறது. சட்டை ஒன்று, நிறம் ஒன்று, கொடி ஒன்று. பெயர் மட்டும் ஒவ்வொருவருக்கும் வேறு. அந்தப் பெயரை முழுதாக, பிழையில்லாமல் கூப்பிடும் ஓர் ஆசிரியர் புகுமுக வகுப்பின் முதல் நாளே ஒரு பிள்ளைக்குக் கிடைத்துவிட்டால், தன்னைக் காட்டிக்கொள்ள அவன் தலைமுடியை நம்பியிருக்க மாட்டான்.

பெற்றோர்களே, அடுத்த முறை பள்ளியில் ஆசிரியரைச் சந்திக்கும் நாளில் மதிப்பெண் அட்டையை விரிப்பதற்கு முன் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் முழுப் பெயரைச் சொல்லுங்கள். அதை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். வீட்டில் அவன் எதில் கெட்டிக்காரன் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் காசு ஒன்றும் ஆகாது.